ஏர்கானை மாற்றணுமா? முதலில் வில்லிஸ் கேரியரைத் தெரிஞ்சுக்கோங்க

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ், பாலைவனத்தின் நடுவே இருக்கும் பெருநகரம். 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, ஒரு நாள்கூட விடாமல் 31 நாளும் அங்கு வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

அந்த ஆண்டில், ஃபீனிக்ஸ் அமைந்துள்ள மரிக்கோப்பா வட்டாரத்தில் வெப்பம் தொடர்பான காரணங்களால் 645 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளியில் இருந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே உயிர் போனவர்களும் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டில் ஏர்கான் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை.

அதனால்தான், கூரைமேல் இருக்கும் 15 வயது இயந்திரத்தை இந்தக் கோடைக்கும் ஓட்டிடலாமா, இல்லை மாத்திடலாமா என்ற கேள்வி அங்கே வெறும் பணக் கேள்வி இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் தொழில்நுட்பரும் வீட்டுக்காரரும் போடும் கணக்கில் பெரும்பகுதி ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. அவர் பெயர் வில்லிஸ் கேரியர். மறைந்து 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெயரை ஏர்கான் பெட்டியில் பார்த்திருப்பீங்க. ஆளைத் தெரியுமா?

ஹீட் பம்ப்னா என்ன?

கதைக்குள் போவதற்குமுன் ஒரு சின்ன விளக்கம்.

ஏர்கான் குளிரை உற்பத்தி செய்வதில்லை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தச் சுமையைத் தூக்கிச் செல்வது குழாய்க்குள் சுற்றிவரும் குளிர்பொருள். நாம் ‘கேஸ்’ என்று சொல்வது அதைத்தான்.

ஹீட் பம்ப்பும் அதே இயந்திரம்தான். கூடுதலாக ஒரு வால்வு இருக்கும். அதைத் திருப்பினால் குளிர்பொருள் எதிர்த்திசையில் ஓடும். அப்போது வெளியிலிருக்கும் வெப்பம் வீட்டுக்குள் வரும். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. இரண்டுக்கும் ஒரே பெட்டி.

ஃபீனிக்ஸ் போன்ற பாலைவன ஊருக்கு இது நல்ல பொருத்தம். அங்கே கோடை கொடுமையானது. குளிர்காலம் மிதமானது; ஆனால் இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அந்த அளவு குளிருக்குத் தனியாக ஒரு சூடேற்றி வாங்கத் தேவையில்லை.

வெப்பத்தை இப்படி இடம் மாற்றலாம் என்ற எண்ணம் கேரியருடையது இல்லை. பிரிட்டிஷ் அறிவியலாளர் லார்ட் கெல்வின் 1852லேயே அதை விளக்கியிருந்தார். அப்படி என்றால் கேரியர் என்ன செய்தார்? காற்றை ஊகத்தில் விடாமல், அளந்து கணக்குப் போட வைத்தார்.

ஆப்பிளை வெட்டிச் சொல்லிக் கொடுத்த அம்மா

1876 நவம்பர் 26. நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையை ஒட்டிய அங்கோலா என்ற சிற்றூரில் கேரியர் பிறந்தார். விவசாயக் குடும்பம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. சுற்றி எல்லாரும் பெரியவர்கள். விளையாட்டுத் தோழர்கள் அதிகமில்லை.

பள்ளியில் பின்னக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. அரையும் காலும் எப்படிக் கூட்டுவது என்று தடுமாறினார். அம்மா எலிசபெத் ஒரு பாத்திரம் நிறைய ஆப்பிள் கொண்டுவரச் சொன்னார். அவற்றைப் பாதியாக, காலாக, எட்டில் ஒன்றாக வெட்டச் செய்தார். பிறகு துண்டுகளைக் கூட்டவும் கழிக்கவும் வைத்தார். கணக்கு புரிந்தது.

கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அன்று புரிந்தது. எவ்வளவு சிக்கலான கேள்வியாக இருந்தாலும், கையில் பிடிக்கக்கூடிய துண்டுகளாக வெட்டினால் பதில் கிடைக்கும். வாழ்நாள் முழுக்க அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

கடிகாரம், தையல் இயந்திரம் என்று எது கெட்டாலும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியவர் அவருடைய அம்மா. கேரியருக்கு 11 வயதானபோது அவர் காலமானார்.

பள்ளி முடித்தபோது நாட்டில் பொருளியல் மந்தம். குடும்பத்தில் பணமில்லை. உடனே பல்கலைக்கழகம் போக முடியவில்லை. சில ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அதன்பிறகுதான் உபகாரச் சம்பளம் பெற்று, 1897இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உபகாரச் சம்பளம் எல்லாச் செலவுக்கும் போதவில்லை. புல் வெட்டினார், அடுப்புகளைக் கவனித்துக்கொண்டார், உணவு பரிமாறினார். கடைசியில் மாணவர்களுக்காகச் சலவைச் சேவை ஒன்றையும் கூட்டாக நடத்தினார். 1901இல் பொறியியல் பட்டம் கையில்.

வாரச் சம்பளம் 10 டாலர்

முதல் வேலை பஃபலோ நகரில், பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தில். வாரத்துக்கு 10 டாலர். அந்த நிறுவனம் பெரிய மின்விசிறிகளையும் சூடேற்றிகளையும் செய்து விற்றது. மரப்பலகை உலர்த்த, காப்பிக் கொட்டை உலர்த்த அவை தேவைப்பட்டன.

ஆம், குளிரூட்டலின் தந்தை என்று இன்று அழைக்கப்படுபவர் தொழிலைத் தொடங்கியது சூடேற்றும் பிரிவில்தான்.

அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய சூடேற்றி வேண்டும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பொறியாளர்கள் ஊகித்தார்கள். குறைந்துவிட்டால் வாடிக்கையாளர் திட்டுவார் என்பதால், கொஞ்சம் பெரிதாகவே போட்டார்கள். அதில் பணம் வீணானது.

கேரியர் சோதனை செய்து பார்த்தார். எந்த அளவு சுருள் குழாய், எந்த வேகத்தில் காற்று வந்தால் எவ்வளவு வெப்பம் கொடுக்கும் என்று அட்டவணை தயாரித்தார். நிறுவனத்துக்குப் பணம் மிச்சமாவதைப் பார்த்த மேலாளர்கள், அவருக்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார்கள்.

ஊகம் வேண்டாம், அளவு வேண்டும். 120 ஆண்டுக்குமுன் அவர் பிடித்த அந்த பிடிவாதம் இன்று ஃபீனிக்ஸ் வீட்டுக்கு எப்படி உதவும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வீங்கிய காகிதம்

1902 கோடை. நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் திணறிக்கொண்டிருந்தது. வண்ணப் படங்களை அச்சிடும்போது ஒவ்வொரு வண்ணத்துக்கும் காகிதத்தைத் தனித்தனியே இயந்திரத்தில் விட வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் லேசாக விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். விளைவு? முதல் நாள் அச்சான சிவப்பு மேல் மறுநாள் நீலம் சரியாக உட்காராது. படம் கலங்கிப்போகும். காகிதமும் வீண், நேரமும் வீண்.

இந்தப் பிரச்சினை 25 வயது கேரியரிடம் வந்தது. மனிதர்களுக்கு வியர்க்கிறது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டது காகிதத்துக்காக.

1902 ஜூலை 17 தேதியிட்ட வரைபடங்களில் அவருடைய தீர்வு இருந்தது. குளிர்ந்த சுருள் குழாய்கள்மீது காற்றைச் செலுத்த வேண்டும். குளிர்ந்த குவளையின் வெளிப்பக்கம் தண்ணீர் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீங்க. அதேபோல் காற்றிலுள்ள ஈரம் குழாய்மேல் தண்ணீராகப் படியும். உலர்ந்த காற்று அச்சுக்கூடத்துக்குள் போகும். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 55 விழுக்காட்டில் நிற்க வேண்டும் என்பது இலக்கு.

நவீன ஏர்கான் பிறந்தது அந்த அச்சகத்தில்தான் என்று பலரும் கருதுகிறார்கள்.

அந்தக் காலத்தில் குளிரூட்டும் திறனைச் சொல்ல ஐஸ்கட்டிதான் அளவுகோல். அச்சகத்தில் பொருத்திய அமைப்பு, ஒரு நாளைக்கு 108,000 பவுண்டு ஐஸ் உருகுவதற்குச் சமமான குளிர்ச்சியைத் தந்தது. அதாவது 54 டன்.

இந்த ‘டன்’ இன்றும் போகவில்லை. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் 1 டன். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 3.5 கிலோவாட், அல்லது மணிக்கு 12,000 பிடியூ. 4 டன் ஹீட் பம்ப் என்று சொன்னால் அதன் எடை இல்லை. ஐஸ்கட்டிக் காலத்தின் கணக்கு.

ரயில் நிலையத்தில் பனிமூட்டம்

அதே ஆண்டின் பிற்பகுதி. பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார் கேரியர். நடைமேடை முழுக்கப் பனிமூட்டம். மற்றவர்கள் எரிச்சலோடு நின்றிருக்கலாம். அவர் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று குளிராக இருக்கிறது. முழுக்க ஈரம் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் அதிலுள்ள தண்ணீரின் அளவு குறைவு. ஏன்னா குளிர்ந்த காற்றால் கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்க முடியும். அப்படியானால் காற்றைக் குளிர்ந்த நீர்த் தூறல் வழியாக விட்டு, அந்தத் தூறலின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தினால், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

காற்றை உலர்த்தத் தண்ணீரைத் தெளிப்பதா? கேட்கவே விநோதமாக இருக்கும். ஆனால் வேலை செய்தது. 1906 ஜனவரி 2ஆம் தேதி அந்தக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்து வந்தவை பருத்தி ஆலைகள். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை 1906இல் முதலில் பயன்படுத்தியவரும் கேரியர் இல்லை. ஸ்டுவர்ட் கிராமர் என்ற ஆலைப் பொறியாளர். கேரியர் அந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டார். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம், தூய்மை ஆகிய நான்கையும் கட்டுப்படுத்துவதுதான் ஏர்கான் என்று அவர் வரையறுத்தார். குளிர்ச்சி மட்டும் இல்லை.

1911இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் தம்முடைய சூத்திரங்களைச் சமர்ப்பித்தார். காற்றின் வெப்பநிலைக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் அந்தக் கணக்கையும் வரைபடத்தையும் அடித்தளமாக வைத்துத்தான் இத்துறை வளர்ந்தது. பாலிடெக்னிக்கில் குளிரூட்டல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வகை வரைபடத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

கையில் இருந்த வேலை போனது

1914இல் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் வெடித்தது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனம் செலவைக் குறைக்க நினைத்தது. உற்பத்தி மட்டும் போதும், கேரியரின் பொறியியல் பிரிவு வேண்டாம் என்று முடிவெடுத்தது.

அவருக்கு அப்போது வயது 38ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் மனைவி கிளேரை 1912இல் இழந்திருந்தார். மறுமணம் செய்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நிலையான சம்பளம் ஆட்டம்காணும் நேரம்.

கேரியரும் அவருடைய நண்பர் இர்வின் லைலும் இன்னும் ஐந்து பொறியாளர்களும் சேர்ந்தார்கள். சேமிப்பையெல்லாம் திரட்டினார்கள். கிடைத்தது 32,600 டாலர். 1915 ஜூன் 26ஆம் தேதி கேரியர் எஞ்சினியரிங் கார்ப்பரேஷன் தொடங்கியது.

தீக்குச்சியைக் கொளுத்திய பொறியாளர்

1920களின் தொடக்கம் வரை பெரிய குளிரூட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் அம்மோனியாதான் குளிர்பொருள். கசிந்தால் நச்சு. இயந்திரமும் பெரிது. மக்கள் கூடும் இடத்தில் அதைப் பொருத்துவது ஆபத்து.

1922இல் கேரியர் புதிய இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். உள்ளே பிஸ்டன் இல்லை. வேகமாகச் சுழலும் சக்கரம் குளிர்பொருளை அழுத்தியது. குளிர்பொருளாக அவர் தேர்ந்தெடுத்தது, அதுவரை கறை நீக்கும் திரவமாகப் பயன்பட்ட டைலீன். இயந்திரம் சிறியதானது; பாதுகாப்பும் கூடியது.

1924இல் டெட்ராய்ட்டின் ஹட்சன் கடைத்தொகுதியில் அது பொருத்தப்பட்டது. மலிவு விற்பனை நாள்களில் அடித்தளத்தில் கூட்டம் நெரித்து, வாடிக்கையாளர்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்த கடை அது.

அடுத்தது நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கு. அங்கே ஒரு முட்டுக்கட்டை. புதிய குளிர்பொருளுக்கு அனுமதி தர நகரப் பாதுகாப்பு அதிகாரி தயங்கினார். கேரியர் அவருடைய அலுவலகத்துக்கே போனார். கொஞ்சம் டைலீனை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, எரியும் தீக்குச்சியை அதில் போட்டார். அது வெடிக்கவில்லை, மெதுவாக எரிந்தது. அதிகாரி முதலில் ஆடிப்போனாலும் பிறகு அனுமதி கொடுத்தார்.

1925 மே மாதக் கடைசி விடுமுறை வாரத்தில் ரிவோலி திறந்தது. வெளியே கடும் புழுக்கம். உள்ளே ஏறக்குறைய 2,000 இருக்கைகள். இயந்திரத்தை ஓட்டத் தொடங்கத் தாமதமானதால், உள்ளே வந்தவர்கள் கைவிசிறியை வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்ற கேரியரின் வயிற்றில் புளி கரைத்தது. மெதுவாகக் குளிர் பரவியது. விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின.

அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான திரையரங்குகள் குளிரூட்டப்பட்டன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் 1928, 1929இல் ஏர்கான் வந்தது.

வீட்டுக்குள் நுழைய முடியாத ஏர்கான்

சரி, வீட்டுக்கு எப்போ வந்தது?

1928இல் வீடுகளுக்கென்று ‘வெதர்மேக்கர்’ என்ற இயந்திரத்தைக் கேரியர் நிறுவனம் கொண்டுவந்தது. மறுவருடமே பங்குச் சந்தை சரிந்தது. பெருமந்தம் தொடங்கியது. சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது யார் ஏர்கான் வாங்குவார்கள்?

நிறுவனம் தள்ளாடியது. 1930இல் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்து கேரியர் கார்ப்பரேஷன் ஆனது. 1937இல் சிதறிக் கிடந்த தொழிற்சாலைகளை மூடிவிட்டு, சிரக்கியூஸ் நகரில் ஒரே இடத்தில் கூடியது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இக்லூ வடிவில் பெரிய அரங்கம் அமைத்து, எதிர்காலத்தில் எல்லாரும் ஏர்கானில் வாழ்வார்கள் என்று மக்களுக்குக் காட்டியது. அதே ஆண்டில் கேரியர் இரண்டாவது மனைவி ஜென்னியையும் இழந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்கான குளிரூட்டும் அமைப்பை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. வானில் மிக உயரத்தில் நிலவும் கடுங்குளிரைத் தரையில் உருவாக்க வேண்டிய வேலை அது.

1950 அக்டோபர் 7ஆம் தேதி, 73 வயதில் கேரியர் காலமானார். வீட்டு ஏர்கான் சந்தை அப்போதுதான் சூடுபிடிக்கத் தொடங்கியிருந்தது. தாம் சொன்ன எதிர்காலத்தின் விளிம்பை மட்டுமே அவர் பார்த்தார்.

பாலைவனம் நகரமானது

அவர் இறந்த ஆண்டில் ஃபீனிக்ஸ் நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 107,000. 2020 கணக்கெடுப்பில் 1.6 மில்லியன். நகர எல்லை விரிந்தது ஒரு காரணம். ஆனால் ஏர்கான் இல்லாமல் இத்தனை பேர் அங்கே குடியேறியிருப்பார்களா என்பது சந்தேகமே.

அதற்குமுன் அங்கிருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? கோடை இரவுகளில் திண்ணையில் ஈரத்துணி தொங்கவிட்டுத் தூங்கினார்கள். பிறகு, ஈரமான பட்டை வழியாகக் காற்றை இழுக்கும் கூலர் வந்தது. உலர்ந்த காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், காற்று குளிரும். செலவும் குறைவு.

ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே பருவமழைக்கால ஈரக்காற்று வீசும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் கூலர் தோற்றுவிடும். வெயிலும் குறையாது, புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். கேரியர் அச்சகத்தில் பிடித்த அதே எதிரி: ஈரம். கூலரை ஓரங்கட்டி, ஏர்கானும் ஹீட் பம்ப்பும் கூரை ஏறியது அதனால்தான்.

பழசை ஓட்டுவதா, மாற்றுவதா?

பொதுவாக ஹீட் பம்ப்பின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. ஃபீனிக்ஸில் அது கோடை முழுக்க ஏறக்குறைய இரவு பகலாக ஓடும். குளிர்காலத்திலும் ஓய்வில்லை. கூரைமேல் சுடும் வெயிலில் கெப்பாசிட்டர் சீக்கிரம் பலவீனமாகும். புழுதி வெளிச்சுருளை அடைக்கும்.

அதற்காகப் பழுதானவுடன் மாற்ற வேண்டியதில்லை. கெப்பாசிட்டர், மின்தொடர்பு, விசிறி மோட்டார் போன்றவை போனால் பழுதுபார்ப்பதே சிக்கனம். கம்ப்ரசர் போனாலோ, சுருளில் கசிவு வந்தாலோதான் யோசிக்க வேண்டும். அங்கே முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குளிர்பொருள்.

- ஆர்-22: ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், 2020 முதல் அமெரிக்காவில் இதைப் புதிதாக உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ முடியாது. பழைய இயந்திரங்களிலிருந்து மீட்டதுதான் கிடைக்கும். இந்த வகை ஹீட் பம்ப்பில் பெரிய கசிவு என்றால், மாற்றுவதே நல்லது.
- ஆர்-410ஏ: ஓசோனைப் பாதிக்காது, ஆனால் புவியை வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல் 2,000 மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் வீட்டு ஏர்கான்களும் ஹீட் பம்ப்புகளும் 2025 முதல் இதற்காகத் தயாரிக்கப்படுவதில்லை. பழையவற்றைப் பழுதுபார்க்க இன்னும் கிடைக்கிறது.
- ஆர்-32, ஆர்-454பி: புதிய இயந்திரங்களில் வருபவை. புவி வெப்பமாக்கும் திறன் ஆர்-410ஏவைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் லேசாகத் தீப்பற்றக்கூடியவை. அதனால் கசிவை உணரும் கருவி போன்ற பாதுகாப்பு விதிகள் சேர்ந்திருக்கின்றன.

தீப்பற்றுமா என்ற பயம், அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்ற கேள்வி... 1925இல் தீக்குச்சியோடு கேரியர் சந்தித்த அதே விவாதம்தான். இன்றைக்கு அதற்குத் தரநிலைகள் இருக்கின்றன. வீட்டில் யாரும் தீக்குச்சியை எடுக்க வேண்டாம்!

இன்னொன்று. வெளிப்பெட்டியை மட்டும் புதிதாக்கி, உள்பெட்டியைப் பழையதாகவே விடுவது பெரும்பாலும் சரிப்படாது. குளிர்பொருள் வேறு, அழுத்தம் வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்காகத் தயாரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

மாற்றுவதானால் என்ன கேட்கணும்?

1. கணக்குப் போட்டீங்களா? பழையது 4 டன், அதனால் புதியதும் 4 டன் என்று சொல்வது ஊகம். வீட்டின் சன்னல், கூரை, வெப்பத்தடுப்பு, அந்த ஊரின் கோடை வெப்பநிலை எல்லாம் சேர்த்து வெப்பச் சுமையைக் கணக்கிட வேண்டும். அதற்கென்று அமெரிக்காவில் ‘மேனுவல் ஜே’ என்ற முறை உண்டு. கேரியர் 1901இல் கேட்ட அதே கேள்வி.

2. பெருசா போட்டா நல்லதுதானே? இல்லை. தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அறை சட்டெனக் குளிர்ந்துவிடும், இயந்திரம் நின்றுவிடும், மறுபடி ஓடும். இப்படி விட்டுவிட்டு ஓடினால் ஈரம் முழுதாக நீங்காது. கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும்.

3. எந்த எண்ணைப் பார்க்கணும்? விளம்பரங்களில் பெரிதாக இருப்பது ‘சீர்’ எண். அது பருவம் முழுவதற்குமான சராசரி. ‘இஇஆர்’ என்ற எண் வெளியே 35 டிகிரி இருக்கும்போது இயந்திரம் எப்படி உழைக்கிறது என்று சொல்லும். பாலைவனத்துக்கு இரண்டாவது எண்தான் உண்மைக்கு நெருக்கம். வெளியே 45 டிகிரி என்றால், அந்தச் சூட்டுக்குள்ளேயே வெப்பத்தைத் தள்ளவேண்டும். திறன் இன்னும் குறையும். எனவே அந்த வெப்பத்தில் எத்தனை டன் கொடுக்கும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

4. காற்றுக் குழாய் எப்படி இருக்கு? ஃபீனிக்ஸில் பல வீடுகளில் குளிர்காற்றுக் குழாய்கள் கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் ஓடுகின்றன. கோடையில் அந்த இடம் கொதிக்கும். குழாயில் ஓட்டை இருந்தால், காசு கொடுத்துக் குளிரூட்டிய காற்று அங்கேயே போய்விடும். புதிய ஹீட் பம்ப் வாங்கியும் வீடு குளிரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

5. எப்போ மாற்றணும்? கோடைக்கு முன்பு, இல்லையென்றால் கோடை முடிந்தபின். ஜூலையில் கெட்டால் தொழில்நுட்பர் கிடைப்பதே சிரமம். அவசரத்தில் எது கையில் இருக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும். முதியவர்கள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் அந்தக் காத்திருப்பே ஆபத்து.

நமக்கு என்ன?

நமக்கு ஹீட் பம்ப் தேவையில்லை. குளிர்காலமே கிடையாது. ஆனால் ஈரப்பதத்தில் நாம் ஃபீனிக்ஸைத் தூக்கிச் சாப்பிடுவோம். உங்கள் ஏர்கான் ரிமோட்டில் ‘டிரை’ என்றொரு பொத்தான் இருக்கும். அதில் இருப்பது புரூக்ளின் அச்சகத்தின் கதை.

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ, ஏர்கான்தான் வெப்பமண்டல நாடுகளில் வளர்ச்சியைச் சாத்தியமாக்கியது என்று கருதியவர். பிரதமரானதும் அரசாங்க அலுவலகங்களில் அதைப் பொருத்த ஏற்பாடு செய்தார். 1999இல் ஆயிரமாண்டின் முக்கியமான கண்டுபிடிப்பு எது என்ற கேள்விக்கும் அவர் ஏர்கானைத்தான் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவர், கேஸ் குறைந்திருக்கு, டாப்-அப் பண்ணிடலாமா என்று கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். குளிர்பொருள் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். நிரப்புவதற்கு முன்னால், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கலாம்.